ஆயாவிடம் இருந்த சொற்கள்

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

காப்பிய நாயகனைப் புரிந்துகொள்ள இலக்கணச் சொற்கள் வேண்டுமா, மனசு மட்டும் போதுமா என்பது தலைப்பு. வேண்டும் என்பது எங்கள் அணி. தன்னிகரில்லாத் தலைவன், அடைமொழி, நாற்பொருள் என்று ஒரு தாள் நிறைய எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டு உங்கள் கைதட்டலை மொத்தமாக வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறார். "என் பாட்டி கர்ணனுக்காக அழுதாள், தண்டியலங்காரம் படித்துவிட்டா அழுதாள்? கண்ணீருக்கு எதற்கய்யா இலக்கணம்?" என்றார். இதை அப்படியே விட்டுவிட்டு என் தாளை வாசிக்க எனக்கு மனசு வரவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டேன்.

தம்பி, எனக்கும் ஒரு பாட்டி இருந்தாள். செஞ்சிப் பக்கம் ஆயா என்போம். எழுதப் படிக்கத் தெரியாது, எங்கே போனாலும் கைநாட்டுதான். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. ஆயா பொழுது சாயும்போதே பாயைக் கொண்டுபோய் முன்னால் விரித்துவிடுவாள். கட்டியங்காரன் வந்து சிரிக்க வைக்கும்வரை நான் முழித்திருப்பேன், அப்புறம் அவள் மடியிலேயே தூங்கிவிடுவேன். கர்ண மோட்சம் நடக்கிற ராத்திரி மட்டும் விடமாட்டாள். நடுச்சாமத்தில் கன்னத்தைத் தட்டி எழுப்புவாள். "எழுந்திருடா கண்ணு, பொன்னுருவி வந்துட்டா!"

பொன்னுருவி கர்ணனின் மனைவி. தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று அவனை இளக்காரமாக நடத்தியவள். சாகப்போகிறோம் என்று தெரிந்தே போருக்குக் கிளம்புகிறவன், அவளிடம்தான் விடைபெற வந்து நிற்கிறான். ஆயா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுவாள்.

அப்போது எனக்கு எட்டு வயது. தூக்கக் கலக்கத்தில் கேட்டேன். "ஆயா, துகில் உரியும்போது பாஞ்சாலியைக் கேவலமாப் பேசினவன்தானே இவன்? அன்னிக்கு நீதானே இவனைத் திட்டினே, இன்னிக்கு ஏன் அழுவற?" மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு ஆயா சொன்னாள். "அவனுக்கு ஈடு அவன்தான்டா. வாய் தப்பிப்போச்சு."

இன்னொரு தரம் சொல்கிறேன், அவை பொறுத்துக்கொள்ள வேண்டும். "அவனுக்கு ஈடு அவன்தான். வாய் தப்பிப்போச்சு."

முதல் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். பெருங்காப்பியத்துக்கு இலக்கணம் சொல்லும் தண்டியலங்காரம் 'தன்னிகர் இல்லாத் தலைவனை உடைத்தாய்' என்கிறது. நிகர் இல்லாதவன் என்றுதான் இருக்கிறது, குறை இல்லாதவன் என்று இல்லை. நம்மில் பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, தலைவன் என்றால் தப்பே செய்யாதவன் என்று நினைத்து, வாலியை மறைந்து நின்று அடித்த இராமனிடமும் சபையில் வாய்விட்ட கர்ணனிடமும் தடுமாறி நிற்கிறோம். என் ஆயா தடுமாறவில்லை. ஈடு என்றால் நிகர். அவனுக்கு ஈடு அவன்தான் என்றால் தன்னிகர் இல்லாதவன். நூலின் பெயர் அவளுக்குத் தெரியாது, சொல் தெரியும்!

இரண்டாம் பாதி, வாய் தப்பிப்போச்சு. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று. துன்பியல் நாடகத்தின் நாயகன் எதனால் வீழ்கிறான் என்று சொல்ல அரிஸ்டாட்டில் பிடித்த சொல் ஹமார்த்தியா. அந்தக் கிரேக்கச் சொல்லின் வேரைத் தேடிப் போனால் எறிந்த ஈட்டி குறி தவறுவதில் போய் நிற்கும். சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? பிழை. வள்ளுவர் 'யானை பிழைத்த வேல்' என்கிறார், யானையைக் குறிவைத்துத் தவறிய வேல். அதே சொல்லை எடுத்துத்தான் சிலப்பதிகாரம் 'அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்' என்கிறது. பாண்டியனைக் கொடியவன் என்று அது சொல்லவில்லை, அவனுடைய நீதி குறி தவறிவிட்டது என்கிறது. ஒரு பொற்கொல்லனின் பேச்சை நம்பி, விசாரிக்காமல் ஆணையிட்டான், வேல் தவறியது, கோவலன் செத்தான். 'யானோ அரசன், யானே கள்வன்' என்று அவன் அரியணையிலிருந்து விழும்போது நமக்கு அழுகை வருகிறதே, அவன் வெறும் கொடியவன் என்றால் வருமா? குறி தப்பிப்போச்சு, வாய் தப்பிப்போச்சு. ஆயா சொன்ன தப்பு இதுதான்.

அப்புறம் அடைமொழியை எதிரணி அலங்காரம் என்று தள்ளிவிட்டது. ஹோமரின் இலியட்டில், போருக்குப் போகாமல் கோபத்தோடு கப்பல்களின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட கிரேக்க வீரன் அக்கிலீஸ் 'விரைந்த காலினன்'தான். வாய்மொழியாகப் பாடியவர்கள் யாப்புக்குப் பொருந்தக் கைவசம் வைத்திருந்த தொடர் அது என்று காட்டியவர் மில்மன் பாரி என்ற அமெரிக்க ஆய்வாளர், 1930-களில் யூகோஸ்லாவியப் பாடகர்களிடம் போய் வாய்மொழிப் பாடல்களைக் கேட்டுப் பதிவு செய்தவர். ஆனால் ஓடாமல் உட்கார்ந்திருப்பவனை அப்படி அழைக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது, ஓட வேண்டியவன் உட்கார்ந்திருக்கிறானே என்று. இதை நின்று கவனிக்க வைத்தது அடைமொழி என்ற ஒரு சொல்தான்.

மணி அடித்தது கேட்டது, நடுவர் அவர்களே. ஒரே ஒரு நிமிடம் கொடுங்கள்.

கடைசி வருஷம் ஆயாவுக்கு நினைவு தப்பிவிட்டது. பெற்ற பிள்ளைகளின் பேர் போயிற்று, என் பேரும் போயிற்று. ஒரு ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், திடீரென்று கண்ணைத் திறந்து கேட்டாள். "திரை புடிச்சுட்டாங்களா?" கூத்தில் வேஷம் உள்ளே வரும்முன் இரண்டு பேர் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அந்தத் திரை.

"புடிச்சுட்டாங்க ஆயா."

"யாரு வேஷம்?"

"கர்ணன்."

முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள். "எனக்குத் தூக்கம் வருது. பொன்னுருவி வந்ததும் எழுப்புடா கண்ணு."

விடியும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.