கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் ஏற்றம் கடைசியில்தான்

சரி மக்களே, கொடைக்கானல் ஏரி ரோட்டில் நின்று பேசுகிறேன், நடுநடுவே குதிரைக் குளம்புச் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் கேட்கிறீர்கள்: "கெண்டைக்கால் பிடித்திருந்தது, இப்போது வலி இல்லை, அப்சர்வேட்டரி ஏற்றத்தில் மெதுவாக ஓடலாமா?" வேண்டாம். வேகம் குறைந்தால் சுமையும் குறையும் என்ற கணக்கு ஏற்றத்தில் செல்லாது, ஏனென்றால் அங்கே குதிகால் முன்பாதத்தைவிடத் தாழ்ந்து நிற்கிறது, சதை நன்றாக இழுபட்ட நிலையிலேயே உடம்பு முழுவதையும் மேலே தள்ள வேண்டியிருக்கிறது. காயம் ஆறிக்கொண்டிருக்கிற சதைக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமான வேலை.

கெண்டைக்காலுக்குள்ளே இருப்பது முக்கியமாக இரண்டு சதை. வெளியே உருண்டையாகத் தெரிவது காஸ்ட்ராக்னீமியஸ், அது முழங்காலுக்கு மேலிருந்தே தொடங்குகிறது. அதன் அடியில் தட்டையாக சோலியஸ், அது முழங்காலுக்குக் கீழேதான் ஆரம்பம். ஃபுட்பால் ஆடும்போது சட்டென்று பாய்கிற நொடியில் பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தால் பெரும்பாலும் மேல் சதையின் உள்பக்கம் கிழிந்திருக்கும். நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு சோலியஸ் சத்தமே போடாது, நாளுக்கு நாள் "டைட்டா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஓடுவார்கள். ஓடும்போது அந்தச் சதை உடல் எடையைப் போல 6 முதல் 8 மடங்கு விசை தாங்குகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள், அதனால் அதை லேசாக எடுக்காதீர்கள்.

முதல் சில நாள் யூக்கலிப்டஸ் தைலம் பூசிக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் அழுத்தி நீவுவதும், சுளுக்கு எடுக்கிறேன் என்று வழிப்பதும், சுவரில் காலை வைத்து இழுப்பதும் வேண்டாம். அழுத்தி நீவிவிட்டால் ஒட்ட ஆரம்பித்த கிழிசல் திரும்பவும் பிரியும். இன்னொன்று, சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கி, அடியே படாமல் ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சும்மா இருந்தாலும் வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். குதிகாலுக்கு மேலே 'டப்' என்று கேட்டு, அதற்கப்புறம் விரல்நுனியில் நிற்கவே முடியவில்லை என்றாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

இந்தப் படியைப் பாருங்கள். முன்பாதம் மட்டும் படியில், கை கம்பியில். முழங்கால் நேராக, குதிகாலை மெதுவாக மேலே, அதைவிட மெதுவாகக் கீழே. இது மேல் சதைக்கு. இப்போது முழங்காலைக் கொஞ்சம் மடக்கி அதே வேலை. அடியில், குதிகால் பக்கமாக எரிகிறதா? அது சோலியஸ். பலர் முதலாவதை மட்டும் செய்துவிட்டு முடிந்தது என்று போய்விடுகிறார்கள், அங்கேதான் திரும்ப மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் இரண்டு கால், அப்புறம் ஒற்றைக் கால். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தொடைமேல் அரிசி மூட்டையை வைத்துக் குதிகாலைத் தூக்குங்கள், சிரிக்காதீர்கள், ஜிம் மெஷின் செய்வதும் இதைத்தான். அடிபட்ட கால் நல்ல காலுக்குச் சமமாக, 20 முறைக்கு மேல், கடைசி வரை அதே உயரத்துக்கு எழும்ப வேண்டும். அதன் பிறகு ஒற்றைக் காலில் குதித்துப் பாருங்கள்.

வலிக்கவில்லையா, ஏரிக்கு வாருங்கள். சுற்றிவந்தால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம், நம்ம ஊரில் இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, மறுநாள் ஓய்வு. ஃபுட்பால் மாதிரி மைதானத்தில் ஆடுகிறவர்கள் இதற்குப் பிறகு வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, நின்ற இடத்திலிருந்து சட்டென்று பாய்வதைக் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டக்காரர்களுக்கு அந்தக் கடைசி இடம் ஏற்றத்துக்கு, அதையும் முதலில் நடந்து ஏறிவிட்டு ஓடுங்கள். 40 வயது தாண்டியவர்களும், முன்பே ஒரு தடவை பிடித்தவர்களும் இன்னும் நிதானமாக.

வீடே மேட்டில் இருக்கிறதே, என்ன செய்ய என்பவர்கள், ஆரம்ப நாட்களில் இரண்டு ஷூவிலும் குதிகாலுக்கு அடியில் ஒரு ஹீல் பேட் வைத்து, சின்னச் சின்ன அடியாக ஏறுங்கள்.