ஆர்த்தோவா, மெடிசினா? அவசரப்படாதீர்கள்

வணக்கம் மக்களே, லீவுக்கு நம் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வந்திருக்கிறேன். பின்னால் லாரிச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், செம்பனைக் குலை ஏற்றிப் போகிற வழி இது.

மூன்றாம் ஆண்டு மெடிக்கல் படிக்கிற பக்கத்து வீட்டுத் தங்கச்சி, "அண்ணா, எனக்கு ஆர்த்தோதான்" என்று முடிவே பண்ணிவிட்டாள், அதாவது எலும்பு மூட்டு சிகிச்சைத் துறை. பந்து விளையாடுபவர்களின் முட்டி ஜவ்வைச் சரிசெய்ய வேண்டுமாம். நல்ல ஆசைதான். ஆனால் நம் அரசாங்க மருத்துவமனை ஆர்த்தோ வார்டுக்குள் போய்ப் பாருங்கள், மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் உடைந்தவர்கள் ஒரு பக்கம், இனிப்பு நீரால் (நீரிழிவால்) கால் புண் அழுகிப்போன மாமாக்கள் இன்னொரு பக்கம். புண்ணைச் சுத்தம் பண்ணுவது, விரலை எடுப்பது, அதற்கும் அடங்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று அவரிடமும் அத்தையிடமும் சொல்லிக் கையெழுத்துக்காக நிற்பது, இதெல்லாம் அங்கே அன்றாட வேலை. 2019 மலேசிய தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. மலேசிய இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. அதனால் அந்தக் கட்டில்கள் இப்போதைக்குக் காலியாகாது.

அந்த வேலையைச் சலிக்காமல் செய்ய முடியுமா? அப்படியானால் ஆர்த்தோ எடு, முட்டி ஜவ்வு அப்புறம் வரும்.

எப்படியும் படிப்பு முடிந்ததும் ஹவுஸ்மேன், அதாவது பயிற்சி டாக்டர் வேலை, இரண்டு வருடம் இருக்கிறது. மெடிக்கல் (பொது மருத்துவம், இதைத்தான் மெடிசின் என்றும் சொல்வோம்), சர்ஜரி, ஆர்த்தோ, பிரசவம், குழந்தைகள், அப்புறம் எமர்ஜென்சி மாதிரி இன்னொன்று என்று நான்கு நான்கு மாதமாகச் சுற்றவிடுவார்கள். அப்போது கன்சல்டன்டை, அதாவது மூத்த நிபுணரைப் பார்த்து மயங்காதீர்கள், அவர் காலையில் ரவுண்ட்ஸ் வந்துவிட்டுப் போய்விடுவார். விடிகாலை மூன்று மணிக்கு அந்த வார்டில் நிற்கிற எம்.ஓ.வை (மெடிக்கல் ஆபீசரை) பாருங்கள், அடுத்த பல வருடம் நீங்கள்தான் அவர்.

இன்னொன்று, நிபுணராகிற பாதை. மாஸ்டர்ஸ் பட்டம் என்றால் மலாயா, யு.கே.எம்., யு.எஸ்.எம். மாதிரிப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம், இடத்துக்குப் போட்டி அதிகம். மெடிசின் எடுப்பவர்கள் எம்.ஆர்.சி.பி. என்கிற பிரிட்டிஷ் தேர்வு எழுதலாம், வேலை பார்த்துக்கொண்டே மூன்று கட்டம், ஆனால் கட்டணம் பவுனில். 2016 கடைசியிலிருந்து புது டாக்டர்களை நிரந்தர வேலையில் இல்லாமல் ஒப்பந்தத்தில்தான் எடுத்தார்கள், அந்தக் கோபத்தில்தான் 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த டாக்டர்களின் ஹர்த்தால் (வேலை நிறுத்தம்) நடந்தது. அதனால் "எனக்குப் பிடித்தது" என்பதோடு "அந்தத் துறையில் எனக்கு வழி திறந்திருக்கிறதா" என்றும் விசாரியுங்கள், கூச்சப்படாதீர்கள்.

நான் ஃபேமிலி மெடிசின் (குடும்ப மருத்துவம்) பக்கம் சாய்ந்திருக்கிறேன். "கிளினிக்கில் உட்காரவா இவ்வளவு படிப்பு?" என்று மாமா கேட்டுவிட்டார். அவர் காலத்தில் தோட்டத்து டிரஸர் (மருத்துவ உதவியாளர்) ஒருவரே காய்ச்சல், காயம், பிள்ளைத்தாய்ச்சி எல்லாம் பார்த்தார், அதனால் அவருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஆனால் அந்த ஆர்த்தோ வார்டுக்கு வருகிற கால்களைப் பத்து வருடம் முன்பே பிடித்து நிறுத்தக்கூடிய இடம் இந்தக் கிளினிக்தான், மாமாவின் சர்க்கரை அளவையும் இன்றைக்குச் சாயந்திரம் பார்க்கப்போகிறேன்.