உறுதியில்லாக் கூரைகளும் சீமெந்துச் சந்தையும்

சபையோருக்கு வணக்கம்.

ஹட்டனில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர்களும் மேசன்மாரும் முன்வரிசையில் இருக்கிறீர்கள். அதனால் நீங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மாத்தளையிலும் திகனையிலும் இவ்வளவு வெள்ளைக்கல் கிடக்கும்போது, சீமெந்து ஏன் கடற்கரையிலிருந்து மலை ஏறி வருகிறது?

கல்லின் குணம்தான் காரணம். நம் பக்கத்துக் கல்லில் பெரும்பகுதி டொலமைட். தேயிலை மலையில் தூவுகிறோமே, அந்த வெள்ளை மாவு. அதில் மக்னீசியம் அதிகம். சீமெந்தில் அது அளவு மீறினால் கட்டிய பிறகு கட்டடம் உப்பி வெடிக்கும். சீமெந்துக்கு ஏற்ற சுண்ணாம்புக்கல் யாழ்ப்பாணத்திலும் புத்தளத்திலும் இருக்கிறது. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறை ஆலை 1990இல் போரோடு நின்றுபோனது. இன்று கல்லைச் சுட்டுச் சீமெந்து செய்வது புத்தளம் ஆலை மட்டுமே. அருவக்காலுவில் வெட்டிய கல் ரயிலில் அங்கே போய், ஏறத்தாழ 1,450 பாகை சூட்டில் வெந்து கிளிங்கர், அதாவது அரைத்தால் சீமெந்தாகும் கட்டி, ஆகிறது. மற்ற ஆலைகள் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் கிளிங்கரை வாங்கி அரைக்கின்றன. ஆகவே டொலர் ஏறினால் பையும் ஏறும். 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாயை ஒட்டியிருந்த 50 கிலோ பை, 2022இல் மூவாயிரத்தைத் தாண்டியது. அப்போது பாதிச் சுவரோடு நின்ற வீடுகள் உங்கள் கண்ணெதிரே இருந்தன.

நுரைச்சோலை அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பலைக் கலந்து கிளிங்கரைக் குறைக்கிறார்கள். நல்ல வழிதான். ஆனால் என் கவலை விற்கும் பக்கத்தில் இருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு நாட்டில் இன்னும் தொடாத சந்தை எது என்று கேட்டால், தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் நம் லயக் காம்பராக்கள் என்பேன். ஒரே காம்பராவில் மூன்று தலைமுறை படுத்துறங்கும் குடும்பத்துக்கு வீடு கட்டும் ஆசை இல்லையா? வெளிநாட்டில் உழைக்கும் மகள் அனுப்பும் பணமும் இருக்கிறது. காணிக்கு உறுதி, அதாவது உரிமைப் பத்திரம்தான் இல்லை. உறுதி இல்லாமல் வங்கி வீட்டுக்கடன் தராது. ஒரு சுவர் எழுப்பக்கூடத் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும். இந்திய உதவி வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் காணியில் வீடு எழுந்த தோட்டங்களைப் பாருங்கள். காணி கைக்கு வந்த பிறகு படியும் மதிலும் கழிவறையும் அவரவர் செலவில் எழுகின்றன. அங்கே வியாபாரம் தானாக நடக்கிறது.

சுமைகூலியையும் சொல்ல வேண்டும். லொறி தோட்டத்துப் பாதையோடு நின்றுவிடும். அதற்கு மேல் படிக்கட்டில் தோள்தான். ஆடி மழையில் இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், அடுக்கிய பை ஈரம் குடித்து ஓரத்தில் கல்லாகிவிடும். பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு எங்கள் பெரியப்பா பேசாமல் உட்கார்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. அவர் சுமந்த கூலியும் அந்தப் பையோடு போயிற்று. 25 கிலோ பையும் ஈரம் புகாத உறையும் மலைநாட்டுக்கென்று செய்தால் என்ன?

கம்பனி ஆட்கள் வந்து விற்பனை ஏன் மந்தம் என்று கேட்டால், அவர்களைக் கடைக்கு வெளியே அழைத்து வாருங்கள். எதிர்மலையில் எத்தனை தகரக் கூரை தெரிகிறது, அதில் எத்தனைக்கு உறுதி இருக்கிறது என்று எண்ணிக் காட்டுங்கள்.