கூரை போட்டவரும் நாற்காலி போட்டவரும்

நேயர்களுக்கு வணக்கம்.

கட்டடத்தைப் பற்றி வானொலியில் பேச வேண்டும் என்று அழைத்தபோது கொஞ்சம் தயங்கினேன். சங்கீதம் என்றால் பாடிக் காட்டலாம், சமையல் என்றால் பக்குவம் சொல்லலாம். கட்டடத்தைக் காதுக்கு எப்படிக் காட்டுவது? அதனால் உங்கள் எல்லோர் கண்ணிலும் ஏற்கெனவே இருக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன். மளிகைக் கடைக் காலண்டரில் பார்த்திருப்பீர்கள். கடலோரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பாய் விரித்தது போல் நிற்கும் சிட்னி ஓபரா மாளிகை.

நான் நாற்பது வருடம் கான்கிரீட்டோடு பழகியவன். பணி ஓய்வுக்குப் பிறகு, மகளைப் பார்க்கப் போன இடத்தில், அந்த மாளிகையின் கூரை தரையைத் தொடும் ஓரமாகப் போய் நின்று அதன்மேல் கை வைத்துப் பார்த்தேன். படத்தில் பார்த்த வெள்ளை அங்கே இல்லை. உள்ளங்கை அகலத்துக்குச் சற்றே பெரிதான சதுர ஓடுகள், பக்கத்துக்கு 12 சென்டிமீட்டர். சில பளபளக்கும் வெள்ளை, சில மங்கலான பாலாடை நிறம். இரண்டும் அம்பு முனை போல் மாறி மாறி வரிசை கட்டுகின்றன. எல்லாமே பளபளப்பாக இருந்திருந்தால் அந்த ஊர் வெயிலில் யாரும் அதை நிமிர்ந்து பார்க்க முடியாது. எல்லாமே மங்கலாக இருந்திருந்தால் சுண்ணாம்பு அடித்த கிடங்கு மாதிரி இருந்திருக்கும். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஓடுகள், சரியாகச் சொன்னால் 10,56,006. ஸ்வீடனில் ஹோகனாஸ் என்ற நிறுவனம் செய்து அனுப்பியவை. கழுவிவிட ஆள் வேண்டாம், மழையே கழுவிவிடும். ஆனால் ஓடு பிடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்க்க, கயிற்றில் தொங்கிக்கொண்டு ஆட்கள் சிறு சுத்தியலால் தட்டிக் கேட்பார்கள். பானை வாங்கும்போது நம் பெண்கள் விரலால் சுண்டிப் பார்க்கிறார்களே, அதே வித்தைதான்.

கூரையின் கதை ஓரளவு பிரபலம், ஆகவே அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு உள்ளே போகிறேன். நான் பேச வந்தது உள்ளே இருப்பதைப் பற்றி.

சிட்னிக்கு ஒரு நல்ல அரங்கம் வேண்டும் என்று 1940களின் கடைசியிலிருந்து ஓயாமல் கேட்டவர் யூஜின் கூசன்ஸ் என்ற இசை நடத்துநர். துறைமுகத்துக்குள் நீண்டிருக்கும் பென்னலாங் முனைதான் அதற்கு ஏற்ற இடம் என்று கை காட்டியவரும் அவர்தான். அப்போது அங்கே கோட்டை மாதிரி மதில் வைத்த ஒரு டிராம் பணிமனை இருந்தது. அந்த மண்ணின் பூர்வகுடி மக்களில் ஒருவரான பென்னலாங்குக்கு 1790இல் அங்கே ஒரு சிறு வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள், முனைக்குப் பெயர் வந்தது அதனால்தான். மாநிலப் பிரதமர் ஜோசப் காஹிலின் மனம் இசைந்தது. சர்வதேசப் போட்டி வைத்தார்கள். 233 வரைபடங்கள் வந்தன. 1957 ஜனவரியில் முடிவு சொன்னபோது வென்றவர் டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உட்சன், வயது 38. சிட்னியைக் கண்ணால் கண்டதில்லை. கடல் வரைபடங்களை வைத்துக்கொண்டு அந்தத் துறைமுகத்தை மனத்தில் கட்டிப் பார்த்தவர். அப்பா கப்பல் வடிவமைப்பாளர் என்பதையும் சேர்த்துக்கொண்டால், கூரை ஏன் பாய்மரம் போல் ஆனது என்று நாம் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

பணத்துக்கு லாட்டரி நடத்தினார்கள். நம் பக்கம் ஒரு காலத்தில் சொல்வார்களே, விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று. அங்கே நாட்டுக்கு விழுந்ததில் பெரும்பங்கு இந்தக் கான்கிரீட்டுக்குப் போனது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடியும் என்றார்கள், 10 கோடியே 20 லட்சம் ஆனது. 1963இல் திறப்பு விழா என்றார்கள், 1973இல் நடந்தது.

ஏன் இந்த இழுபறி? காஹிலுக்கு அவசரம். தான் ஆட்சியில் இருக்கும்போதே வேலை தொடங்கிவிட்டால் பின்னால் வருகிறவர் நிறுத்த முடியாது என்று 1959 மார்ச்சில் அடித்தளத்தைத் தொடங்க வைத்தார். அந்த ஆண்டே அவர் இறந்தும் போனார். கூரையை எப்படிக் கட்டுவது என்று அப்போது யாருக்கும் தெரியாது. மேலே என்ன எடை வரும் என்று தெரியாமல் கீழே தூண் போடுவதை எங்கள் தொழிலில் தலையெழுத்து என்போம். அப்படியே ஆயிற்று. போட்ட தூண்களில் சிலவற்றைப் பின்னால் உடைத்து, பலமாக மறுபடி போட வேண்டியிருந்தது.

உட்சன் வரைந்த வளைவு கையால் இழுத்த கோடு. அழகாக இருந்தது, கணக்குக்கு அடங்கவில்லை. ஓவ் ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் பொறியாளர்கள் அந்த வடிவம், இந்த வடிவம் என்று நான்கு வருடம் மல்லுக்கட்டினார்கள். சிக்கல் சென்டரிங்கில் இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் வளைவு வேறு என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி அச்சு வேண்டும், ஒருமுறை வார்த்ததும் தூக்கி எறிய வேண்டும். எந்த அரசாங்கம் தாங்கும்? 1961இல் உட்சன் விடையைப் பிடித்தார். எல்லாக் கூரைகளையும் ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுத்தால்? ஆரஞ்சுப் பழத்தைத் தோலோடு கீறி எடுத்த சுளைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பெரியது, ஒன்று சிறியது, ஆனால் தோலின் வளைவு எல்லாவற்றிலும் ஒன்றேதான். அந்தக் கற்பனைப் பழத்தின் ஆரம் 75 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் அதற்குள் அடங்கிவிடும். வளைவு ஒன்றே என்றானதும் அச்சும் திரும்பத் திரும்பப் பயன்படும். 2,194 கான்கிரீட் துண்டுகளை வார்த்து, அடுக்கி, உள்ளே எஃகுக் கயிறுகளை ஓட்டி இழுத்து முறுக்கிவிட்டார்கள். அந்தக் கயிறுகளை ஒன்றாகச் சேர்த்தால் 350 கிலோமீட்டர் நீளம் வரும்.

இடையில் ஒரு காட்சி. 1960 நவம்பரில் அமெரிக்கப் பாடகர் பால் ரோப்சன் வேலை நடக்கும் இடத்துக்கே வந்தார். தொழிலாளர்கள் சாரத்தில் ஏறி உட்கார்ந்திருக்க, கோட்டும் தொப்பியுமாக நின்று பாடினார். அந்த மாளிகையில் நடந்த முதல் கச்சேரி அதுதான். கூரையில்லை, டிக்கெட் இல்லை, வேலை செய்தவர்களுக்கு மட்டும். திறப்பு விழாவுக்கு எலிசபெத் ராணி வந்தார் என்பதைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த கதை.

1965இல் ஆட்சி மாறியது. செலவைக் காட்டியே ஓட்டுக் கேட்டவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். பொதுப்பணி அமைச்சர் டேவிஸ் ஹியூஸ் பணத்தைப் பிடித்து வைத்தார். 1966 பிப்ரவரி கடைசி நாளில் உட்சன் விலகினார். சிட்னித் தெருவில் கட்டடக்கலைஞர்கள் ஊர்வலம் போனார்கள், மனுவில் கையெழுத்திட்டார்கள். உட்சன் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போனார். 2008இல் இறக்கும்வரை தான் வரைந்த கட்டடத்தை முடிந்த கோலத்தில் அவர் பார்க்கவே இல்லை.

அப்போது வெளியே கூரை எழும்பிக்கொண்டிருந்தது. உள்ளே? வெறும் குகை. அரங்கம் இல்லை, மேற்கூரைப் பலகை இல்லை, கண்ணாடிச் சுவர் இல்லை, ஒரு நாற்காலி இல்லை.

அந்தக் குகையை ஒப்படைத்தது பீட்டர் ஹால் என்ற 34 வயதுக்காரரிடம். பெயரே ஹால், கிடைத்த வேலையும் ஹால். உட்சன் திரும்ப வர வேண்டும் என்ற மனுவில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். பொறுப்பை ஏற்பதற்கு முன் உட்சனுக்கே தொலைபேசியில் பேசினார். ஆனாலும் சக கட்டடக்கலைஞர்கள் பலர் அவரை மன்னிக்கவில்லை.

எனக்கு இங்கே ஓர் ஓரவஞ்சனை உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்னொருவர் பாதியில் விட்டுப் போன ஒரு கல்யாண மண்டபத்தை நான் முடித்துக் கொடுத்திருக்கிறேன். திறப்பு விழாவில் மாலை முதலில் வரைந்தவருக்குப் போனது. முதல் மழையில் மாடி ஒழுகியபோது தொலைபேசி எனக்கு வந்தது. அதனால் பீட்டர் ஹாலைப் பற்றிப் படிக்கும்போது நடுநிலையாக இருக்க என்னால் முடிவதில்லை.

அவர் கைக்கு வந்த சிக்கலைப் பாருங்கள். உட்சனின் திட்டப்படி பெரிய அரங்கில் ஓபரா என்ற பாட்டு நாடகமும் நடக்க வேண்டும், வாத்திய இசையும் நடக்க வேண்டும். வானொலி, தொலைக்காட்சி நடத்தும் ஏ.பி.சி. நிறுவனத்துக்குச் சொந்தமாக ஓர் இசைக்குழு இருந்தது. எங்களுக்கு 2,800 இருக்கை வேண்டும், ஒலி இரண்டு விநாடி நின்று அடங்க வேண்டும் என்று அவர்கள் பிடிவாதமாக நின்றார்கள். இந்த இரண்டு விநாடி என்ன என்று கேட்பீர்கள். கோயில் பிராகாரத்தில் நாதஸ்வரம் கேட்டிருப்பீர்கள், ஒரு சுரம் முடிந்த பிறகும் கல் அதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும், அடுத்த சுரம் அதன்மேல் வந்து படியும். அதே இடத்தில் உபன்யாசம் செய்தால் ஒரு வார்த்தை இன்னொரு வார்த்தையை விழுங்கிவிடும். சிம்பனிக்குப் பிராகாரம் வேண்டும். ஓபராவில் பாட்டோடு சொல்லும் விளங்க வேண்டும், அதற்கு ஒலி சீக்கிரம் அடங்க வேண்டும். ஒரே அரங்கை இரண்டுக்கும் கேட்பது, ஒரே தோசைக்கல்லில் தோசையும் இட்லியும் கேட்கிற மாதிரி.

ஹால் சில மாதம் வெளிநாடுகளில் அரங்கம் அரங்கமாகச் சுற்றிவிட்டு வந்தார். இரண்டையும் பிரிப்பது என்று முடிவானது. பெரிய அரங்கம் வாத்திய இசைக்கு மட்டும். அங்கே ஏற்கெனவே பொருத்தியிருந்த மேடை இயந்திரங்களைக் கழற்றி எறிந்தார்கள். நாடகத்துக்கென்று வைத்திருந்த சிறிய அரங்குக்கு ஓபரா குடிபெயர்ந்தது. அதாவது, ஓபரா மாளிகை என்று பெயர் வைத்துவிட்டு ஓபராவைச் சின்ன அறையில் குடிவைத்துவிட்டார்கள். பெரியதில் சுமார் 2,700 பேர் அமரலாம், சிறியதில் சுமார் 1,500 பேர்.

அதன் விளைவை இன்றும் வாத்தியக்காரர்கள் அனுபவிக்கிறார்கள். மேடைக்குப் பக்கவாட்டில் இடம் போதாது, காட்சிப் பொருள்கள் கீழே இருந்துதான் ஏறி வர வேண்டும். மேடைக்கு முன்னால் இசைக்குழு உட்காரும் வாத்தியக் குழியில் நெருக்கம், காதைப் பிளக்கும் சத்தம். அந்தக் குழிக்கு மேலே ஒரு வலை கட்டியிருக்கிறார்கள். 1980களில் ஓர் ஓபராவில் மேடையில் விட்ட கோழி ஒன்று நடந்து நடந்து ஓரம் வந்து, செல்லோ வாசித்துக்கொண்டிருந்தவர் மேல் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த வலை அது. பாவம், இந்தப் பழியை ஹால் மேலும் போட முடியாது, உட்சன் மேலும் போட முடியாது.

பெரிய அரங்கிலும் குறை இருந்தது. உட்கூரை 25 மீட்டர் உயரம். வாசிப்பவரின் ஒலி மேலே போய்த் திரும்பி வருவதற்குள் வெகு நேரமாகிவிடும், பக்கத்தில் வாசிப்பவர் என்ன செய்கிறார் என்று மேடையில் இருப்பவருக்கே கேட்காது. ஒலியைக் கீழே தள்ள மேடைக்கு மேலே வடை போலக் கண்ணாடி நிற வளையங்களைத் தொங்கவிட்டார்கள். பாதி வேலை செய்தன.

ஆனால் மரத்தைப் பாருங்கள். உட்கூரை முழுக்க வெள்ளை பிர்ச் பலகை, கிரீடம் போல் நடுவிலிருந்து விரிந்து இறங்குகிறது. கீழே பிரஷ் பாக்ஸ் என்ற ஆஸ்திரேலிய மரம், நம் தேக்கை விடக் கொஞ்சம் சிவப்பு. நாற்காலிகளும் பிர்ச்தான், மெத்தைக்குக் கம்பளித் துணி. அதன் நிறம் கத்தரிப்பூவும் இல்லை, ரோஜாவும் இல்லை. எங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டால் ராணி கலர் என்பார்கள். ஆயிரக்கணக்கான நாற்காலிகள் ராணி கலரில். எழுபதுகளின் துணிச்சல்!

உட்சனோடு பிறகு சமாதானமானார்கள். 1999இல் மாளிகையின் எதிர்கால மாற்றங்களுக்கு வழிகாட்ட அவர் ஒப்புக்கொண்டார். டென்மார்க்கில் இருந்தபடியே வரைந்து அனுப்பினார், மகன் யான் வந்து போனார். 2003இல் கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு, 2004இல் அவர் பெயரில் ஓர் அறை, 2007இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மாளிகைக்கு இடம். எல்லாம் தகும். பீட்டர் ஹால் அதற்கெல்லாம் முன்பே, 1995இல், 64 வயதில் போய்விட்டார்.

2020இல் பெரிய அரங்கை மூடி, இரண்டு வருடம் வேலை பார்த்து, 2022 ஜூலையில் திறந்தார்கள். அதற்குப் பிறகுதான் நான் போனேன். மேடைக்குப் பின்னால் இசைக்குழுவின் முதுகைப் பார்க்கும் வரிசைகள் உண்டு, டிக்கெட் விலை குறைவு. அங்கே உட்கார்ந்தேன். ஓபோ என்ற ஊதுகுழல் வாசிப்பவர் ஒரு சுரம் பிடிக்க, மற்றவர்கள் அதோடு சேர்ந்து சுருதி கூட்டினார்கள். அத்தனை தந்திகளும் ஒரே இடத்தில் வந்து நிற்பது என் இருக்கையின் மரக் கையில் லேசாக அதிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பழைய வளையங்கள் இல்லை. அவற்றின் இடத்தில் பூவிதழ் வடிவத்தில் புதிய ஒலித்தட்டுகள் தொங்கின. எந்த நிறம் கொடுப்பது என்று யோசித்தவர்கள் கீழே குனிந்து நாற்காலியைப் பார்த்திருக்கிறார்கள். ஒலித்தட்டுகளும் ராணி கலர்தான்.

வணக்கம்.