அரபு எழுத்தில் உம்மா எழுதிய தமிழ்

அஸ்ஸலாமு அலைக்கும். காயல்பட்டினத்திலிருந்து உங்கள் அனைவருக்கும் வணக்கம். நேற்று இரவு சஹன் என்னும் பெரிய பொதுத் தட்டைச் சுற்றி அமர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேத்தி, "அப்பா, நாம் அரபிகளா?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் தந்தை வாப்பா, தாய் உம்மா, பாட்டனார்தான் அப்பா. அவளுக்குச் சொன்ன பதிலையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

தாமிரபரணி கடலில் கலக்கும் இந்தக் கரையோரத்துக்கு அரபுக் கப்பல்கள் பல நூற்றாண்டுகள் வந்து போயின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளோடு வரும் கப்பல்கள் காயல் துறைமுகத்தில் நின்றதை எழுதியிருக்கிறார். அவர் கண்ட துறை இன்றைய பழையகாயல் என்பர். ஆற்று மண் படிந்து, கடல் அவ்வூரை விட்டு விலகிவிட்டது. அக்கப்பல்களில் வந்தவர்களில் சிலர் இங்கேயே மணம் முடித்தார்கள். தமிழகத்தின் உட்பகுதி முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபை, அதாவது அந்த மார்க்கச் சட்டப் பிரிவைப் பின்பற்ற, கடற்கரை ஊர்க்காரர்களாகிய நாங்கள் ஏமன் கரையையும் மலபாரையும் போல ஷாஃபி மத்ஹபில் நிற்பது அந்தக் கடல்வழி உறவின் அடையாளம்.

நான் 1986இல் வேலைக்காகச் சவூதி அரேபியாவின் ஜித்தாவுக்குப் போனேன். பவளப்பாறைக் கல்லால் கட்டி, மரவேலைப்பாடு மிக்க சாளரங்கள் பொருத்திய பழைய வீடுகள் நிறைந்த அல்-பலத் பகுதியில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடப்பேன். அது 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. முன்னோர் ஊருக்கு வந்துவிட்டேன் என்ற மகிழ்ச்சி எனக்குள் இருந்தது. ஆனால் கடைக்காரருக்கும் மேலாளருக்கும் நான் ஹிந்தி, அதாவது இந்தியன். 33 ஆண்டுகளும் அப்படித்தான் கழிந்தன. அது எனக்கு வலித்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஒருநாள் ஊரிலிருந்து உம்மாவின் கடிதம் வந்தது. உம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எங்கள் பக்கத்து மூத்த பெண்கள் பலரையும் போல அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழை எழுதுவார்கள். உடன் பணிபுரிந்த சவூதி நண்பர் அதை எட்டிப் பார்த்து, வியந்து, உரக்க வாசிக்கத் தொடங்கினார். தமிழ் ஒலிகளுக்காகக் கூடுதல் புள்ளியிட்ட எழுத்துகளில் மட்டும் தடுமாறினார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. எனக்கோ, ஓர் அரபியின் வாயிலிருந்து என் உம்மா "உடம்பைப் பார்த்துக்கொள், மகனே" என்று பேசுவதைக் கேட்க, கண் கலங்கிவிட்டது. பல நூற்றாண்டு உறவு அந்த ஒரு தாளில் இருந்தது.

இப்போது நான் நிற்கும் இந்த முடுக்கைப் பாருங்கள். தெருவுக்கு வராமலே பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வருவதற்காக விட்ட குறுகிய சந்து இது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குரியது. மணமான பின்னும் மகள் தாய்வீட்டோடு இருப்பாள், மாப்பிள்ளைதான் வந்து சேருவார். நான் பிறந்த வீட்டில் தங்கை வாழ்கிறாள், நான் சம்பாதித்துக் கட்டிய வீடு மகளுடையது, ஓய்வு பெற்று வந்து நான் குடியிருப்பது மனைவியின் வீடு. இவ்வழக்கம் எப்படித் தோன்றியது என்பதற்கு ஆய்வாளர்கள் பலவிதமாகக் காரணம் கூறுவார்கள். பருவக்காற்றோடு வந்து பருவக்காற்றோடு திரும்பிய கணவர்களுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்கள் தாய்வீட்டில்தானே இருந்திருக்க முடியும் என்றே எனக்குத் தோன்றுகிறது. நானும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுமுறையில் வந்து போனவன்; என் விடுமுறைகளை எல்லாம் கூட்டினால் மூன்று ஆண்டுகூட நிறையாது. அந்தக் கப்பல்காரர் அங்கிருந்து இங்கு வந்தார், நான் இங்கிருந்து அங்கு போனேன்; காத்திருந்தவள் இருமுறையும் இந்த ஊர்ப் பெண். பேத்தியிடம் நான் சொன்னது இதைத்தான்: "வந்தவர் அரபி, வைத்துக் காத்தவள் தமிழச்சி, அவள் பிள்ளைகள் நாம்."

இது உம்மாவின் பெட்டியில் கிடைத்த நோட்டு. அருகில் காட்டுகிறேன். முதல் சில பக்கங்களில் துஆக்கள், அதாவது பிரார்த்தனைகள் இருக்கின்றன. அதன் பிறகு வலமிருந்து இடமாக, அழகான அரபு எழுத்தில், புளி இவ்வளவு, மண்ணெண்ணெய் இவ்வளவு, ஜித்தா மகனுக்குத் தபால் தலை இவ்வளவு என்று வீட்டுக் கணக்கு. பேத்தி இன்று காலை முதல் வரியை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டாள்.