ஐப்பசியில் இழைக்காதே, ஆடியில் பூசாதே

நேயர்களுக்கு வணக்கம்.

போகி கழிந்து சில நாள்தான் ஆகிறது. எங்கள் ஊரில் வழக்கம்போல் கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும் ஓட்டை முறமும் எரிந்தன. கூடவே கால் ஆடுகிற நாற்காலி ஒன்றும் குப்பையோரம் கிடந்தது. பாய் போனால் போகட்டும், கோரை அடுத்த வருடமும் முளைக்கும். நாற்காலி அப்படியா? நல்ல தேக்கு, கடைசல் பிடித்த கால்கள். அதில் எந்த மரமும் உடையவில்லை. மூட்டில் இருந்த பசை மட்டும் விட்டுப்போயிருந்தது.

பழைய தச்சர்கள் வச்சிரம் என்ற பசையைக் காய்ச்சி ஊற்றுவார்கள். மாட்டுத் தோலும் எலும்பும் கொதிக்கவைத்து எடுப்பது அது. ஈரமும் சூடும் பட்டால் இளகும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பசை தளரும். பிறகு வெயிலில் கழுந்து, அதாவது மூட்டுத் துளைக்குள் நுழைந்திருக்கும் மர முனை, சுருங்கும். நாற்காலி ஆடத் தொடங்கும். உடனே நாம் அதில் ஓர் இரும்பாணியை அறைகிறோம். ஆணி துருப்பிடிக்கும், கழுந்து பிளக்கும், பிறகு உண்மையாகவே அது விறகுதான். செய்யவேண்டியது வேறு. மூட்டை மெதுவாகத் தட்டிக் கழற்றி, பழைய பசையை வெந்நீர்த் துணியால் துடைத்தெடுத்து, நன்றாகக் காயவிட்டு, புதுப் பசை வைத்துப் பூட்டுங்கள். இறுக்கிப் பிடிக்க இரும்புக் கிளாம்ப் இல்லையா? நான்கு கால்களையும் சேர்த்து ஒரு கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி, நடுவில் ஒரு குச்சியை விட்டு முறுக்குங்கள். குச்சியைச் சட்டத்தில் சாய்த்துக் கட்டிவிட்டால் மறுநாள் காலைவரை அசையாது.

தச்சு வேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். கிராமத்து வீட்டு மரச்சாமான்களைப் புதுப்பிப்பது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எப்படிப் புதுப்பிப்பது என்று கைப்பேசியில் ஆயிரம் பேர் சொல்லித் தருகிறார்கள். எந்த மாதத்தில் என்று யாரும் சொல்வதில்லை. அதனால் நான் மாதங்களைப் பற்றியே பேசப்போகிறேன்.

மரம் வெட்டுப்பட்ட பிறகும் காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும், விடும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் இருந்தால் மரத்துக்குள் ஈரம் ஏறக்குறைய 12 சதவீதத்தில் நிற்கும். 80 சதவீதம் ஆனால் 16-ஐத் தொடும். நம் மாநிலத்து மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மாதம் வீட்டிலுள்ள ஒவ்வொரு பலகையும் ஊதுகிறது. நீளவாக்கில் அநேகமாக ஒன்றும் ஆகாது. அகலவாக்கில்தான் எல்லாம். மரங்களிலேயே அடக்கமானது என்று பெயர் வாங்கிய தேக்கிலேயே, இரண்டடி அகலப் பலகைக் கதவு ஈரக் காலத்துக்கும் வறண்ட காலத்துக்கும் இடையில் ஒன்று, ஒன்றரை நூல் வரை மாறும். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது தச்சர் கணக்கு. கதவு நிலையில் இடிக்க அரை நூல் போதும்.

இடித்ததும் என்ன செய்கிறோம்? கார்த்திகை மாதம் ஆசாரியைக் கூப்பிட்டு, "அண்ணே, ஓரத்துல கொஞ்சம் இழைச்சு விட்டுடுங்க" என்கிறோம். விவரம் தெரிந்த ஆசாரி, "தை பிறக்கட்டும் தம்பி" என்பார். வேலை தேவைப்பட்டவர் இழைத்துக் கொடுத்துவிட்டுக் கூலியோடு போவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, மழைக்காலத்தில் அவருக்கும் அடுப்பு எரியவேண்டுமே. ஆனால் பங்குனி வந்ததும் கதவுக்கும் நிலைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும், பல்லி தாராளமாக வந்துபோகும். இழைத்த மரத்தை ஒட்டவைக்க முடியாது. கதவு இடித்தால் இடிக்கிற ஓரத்தில் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேயுங்கள், அல்லது காய்ந்த சோப்பைத் தேயுங்கள். இழுப்பறைக்கும் இதே வைத்தியம்தான். எங்கே இடிக்கிறது என்று பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டுவையுங்கள். மாசியிலும் அதே இடத்தில் இடித்தால் அது ஈரத்தின் குற்றம் இல்லை, கீல் தொங்கியிருக்கிறது. முதலில் கீலைச் சரிபார்த்துவிட்டு இழைப்புளியைத் தேடுங்கள்.

இதே விஷயத்தைப் பழைய அலமாரிக் கதவில் இன்னும் நன்றாகப் பார்க்கலாம். சுற்றிலும் சட்டம், நடுவில் ஒரு பலகை. அந்தப் பலகையைச் சட்டத்தோடு ஒட்டியிருக்கமாட்டார்கள், ஆணியும் அடித்திருக்கமாட்டார்கள். சட்டத்தில் வெட்டிய காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், அது சும்மா செருகி நிற்கும். விரலால் தட்டினால் சில வீடுகளில் லேசாகக் கடகடக்கும். அது தச்சரின் அலட்சியம் இல்லை. பலகை ஊதவும் சுருங்கவும் விட்ட இடம். மழைக்காலத்தில் பலகை ஊதி நிற்கும்போது அந்த அலமாரிக்குப் புது வண்ணம் அடித்தால் என்ன ஆகும்? சித்திரையில் பலகை உள்வாங்கும். காடிக்குள் ஒளிந்திருந்த ஓரம் வெளியே வரும். பச்சை வண்ணத்தின் நடுவே, சட்டத்தை ஒட்டி, பழைய பழுப்பில் மெல்லிய கோடு ஒன்று பளிச்சென்று தெரியும். அதைக் கண்டு மனம் பொறாமல் பட்டி வைத்து அடைத்துவிட்டாலோ இன்னும் மோசம். அடுத்த மழையில் பலகைக்கு ஊத இடமில்லை. சட்டத்தின் மூட்டைத் திறந்துவிடும். கடகடக்கிறதே என்று பலகைக்கு இரண்டு பக்கமும் ஆணி அடித்தாலோ கோடையில் நடுவே வெடிக்கும். அதனால் வண்ணம் அடிப்பவர்கள் பலகையைத் தையிலோ மாசியிலோ அடியுங்கள். முடிந்தால் கதவைக் கழற்றிப் படுக்கவைத்து, காடியின் ஓரம்வரை தூரிகையை விட்டு அடியுங்கள்.

சரி, பாலிஷ். ஆயத்தமாக விற்கும் வார்னிஷ்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பழைய தேக்குச் சாமானில் இருப்பது பெரும்பாலும் அரக்கு. புரசு, இலந்தை, பூவம் போன்ற மரங்களின் கிளைகளில் ஒரு சின்னப் பூச்சி சுரக்கும் பிசின் அது. ஜார்க்கண்டில்தான் அதிகம் எடுக்கிறார்கள். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் அரக்குக்கென்றே 1924-ல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள் என்றால் அந்தப் பூச்சியின் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 முதல் 250 கிராம் அரக்குச் செதிள் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டால் கரைந்துவிடும். பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சை வைத்து எலுமிச்சம்பழ அளவுக்கு முடிந்து, அதில் தொட்டு, மரத்தின் இழையோடு இழுக்கவேண்டும். ஒரு பூச்சு காய அரை மணிகூட ஆகாது. பிறகு நைசான உப்புத்தாளால் லேசாகத் தடவி அடுத்த பூச்சு. அந்த ஸ்பிரிட் குடித்தால் விஷம். குளிர்பான பாட்டிலில் ஊற்றிவைக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. வீட்டில் வேண்டவே வேண்டாம்.

இதற்கும் மாதம் உண்டு. ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு சில்லென்று குளிரும். காற்றில் ஈரம் நிறைய இருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து, பூச்சுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, பால் தெளித்தமாதிரி வெள்ளை படரும். மழை நாளில் போட்ட பாலிஷ் வெளுத்துவிட்டது என்று அரக்கைத் திட்டுவார்கள். அப்படி வெளுத்திருந்தால் பயப்படவேண்டாம். நல்ல வெயில் அடிக்கிற நாளில் ஸ்பிரிட் மட்டும் தொட்ட துணிமுடிச்சை மேலோட்டமாக ஒருமுறை இழுத்தால் அநேகமாகத் தெளிந்துவிடும். மழை நின்றபின் ஆடி பிறக்கும் வரைக்கும் நாளெல்லாம் பாலிஷ் போடலாம். ஆடியில்? அம்மியே பறக்கிற காற்றில் தூசி பறக்காதா? எங்கள் சிவகங்கைப் பக்கத்துச் செம்மண் ஈரப் பூச்சில் உட்கார்ந்தால் தேக்கு மேசை மிளகாய்ப்பொடி தூவியதுபோல் ஆகிவிடும். ஆடியில் கழற்றுவது, சுரண்டுவது, உப்புத்தாள் போடுவது எல்லாம் செய்யுங்கள். பூசுவதை மட்டும் ஒத்திப்போடுங்கள்.

பங்குனி, சித்திரை கட்டில்களின் மாதம். வீட்டுக்குள் இருந்த கட்டில் வேப்பமரத்தடிக்கு வந்துவிடும். கால்மாட்டில் தனியாக ஓடும் கயிற்றை இழுத்துக் கட்டினாலே பாதித் தொய்வு போய்விடும். பலர் அதை மறந்து முழுக் கட்டிலையும் பிரித்துவிடுகிறார்கள். தென்மாவட்டங்களில் பனைநார்க் கட்டில் இருக்கிறதே, அதற்கு நிகர் கிடையாது. பனை மட்டையிலிருந்து உரித்த நாரை நீரில் ஊறவைத்து, ஈரத்தோடு பின்னுவார்கள். காயக் காய முறுக்கேறும். படுத்தால் அடியிலிருந்து காற்று வரும். நைலான் பட்டை மலிவு, துவைக்கலாம், பத்து நிமிடத்தில் மாட்டலாம், எல்லாம் உண்மை. சித்திரை மத்தியானத்தில் அதில் வெறும் முதுகோடு படுத்துப் பாருங்கள், அப்புறம் பேசுவோம். ஒன்று சொல்லவேண்டும்: கயிற்றுக் கட்டிலைக் கோடைமழையில் வெளியே விடாதீர்கள். நனைந்த கயிறு நீளத்தில் குறுகும், சட்டத்தைக் கோணலாக இழுத்துவிடும்.

பிரம்பு நாற்காலியில் நனைவது உதவிக்கு வரும். உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்துபோன பிரம்புப் பின்னலைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்தில் வெந்நீரில் நனைத்த துணியை அரை மணி நேரம் போட்டுவைத்து, நிழலில் காயவிடுங்கள். இழை அறுந்திருக்காவிட்டால் நன்றாகவே இறுகும்.

இனி உருமாற்றம். பத்தாயத்தில் நெல் கொட்டுவதை நிறுத்திப் பல வீடுகளில் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அது சும்மா இருட்டறையில் கிடப்பதைவிட முற்றத்தில் உட்காரும் பலகையாக, உள்ளே மெத்தை தலையணை வைக்கும் பெட்டியாக மாறலாம். மிதி தையல் இயந்திரத்தின் இரும்புக் காலில் கடப்பைக்கல்லோ கிரானைட்டோ போட்டு மேசையாக்குவது எல்லா ஊரிலும் நடக்கிறது, நல்ல வேலைதான். பழைய சன்னல் சட்டத்தில் கண்ணாடி பதிக்கிறார்கள், அதுவும் சரி. எனக்கு ஒவ்வாதது ஒன்றுதான்: வைரம் பாய்ந்த தேக்கின் மீது கெட்டியாக வெள்ளை அடித்து, ஓரங்களில் மட்டும் சுரண்டி, பழசு மாதிரி காட்டுவது. அது நிஜமாகவே பழசு ஐயா, மேலே எதற்கு வேஷம்? வேப்பம்பலகை, மாம்பலகை, பெட்டிமரம் இவற்றுக்கு என்ன வண்ணம் வேண்டுமானாலும் அடியுங்கள், பாதுகாப்பும் ஆகும். தேக்கில் செய்கிற மாற்றம் நாளை உங்கள் பிள்ளை வேண்டாமென்றால் பிரித்துப் பழையபடி ஆக்கக்கூடியதாக இருக்கட்டும். ஆணிக்குப் பதில் திருகாணி, அறுப்பதற்குப் பதில் கழற்றுவது, அவ்வளவுதான்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய் வந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபின், அங்கே தொழில் செய்த நகரத்தாரிடமிருந்து கைமாறிய செல்வத்தின் மிச்சமெல்லாம் அங்கே கடைகடையாக அடுக்கியிருக்கிறது: தூண், நிலை, அலமாரி, எழுத்துமேசை. பர்மாத் தேக்கு. அங்கே வாங்கி நகரத்துக் குளிரூட்டிய அறையில் வைப்பவர்கள் ஆறு மாதத்தில் பலகை வெடித்தது என்கிறார்கள். ஓட்டு வீட்டின் காற்றில் எழுபது எண்பது வருடம் இருந்த மரம் அது. முதல் சில வாரம் ஏசி இல்லாத அறையில் வையுங்கள், ஏசியின் காற்று நேராகப் படாத இடமாகப் பாருங்கள்.

பூச்சிகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. முதல் மழைக்குப் பிறகு மாலையில் ஈசல் பறந்தால், கரையான் புற்று அருகில் எங்கோ இருக்கிறது என்று பொருள். சுவரில் மண்கோடு ஏறுகிறதா என்று அன்றே பாருங்கள். சாமானைச் சுவரைவிட்டு நான்கு விரல் தள்ளிப் போட்டால்தான் அந்தக் கோடு கண்ணில் படும். உளு வேறு. நாற்காலிக்கடியில் மாவு மாதிரி உதிர்ந்திருந்தால் அது உளு. மரத்தின் முற்றிய நடுப்பகுதியான வைரத்தை அது அநேகமாகத் தொடாது. மரத்தின் வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். அதனால் பழைய சாமான் வாங்கும்போது கவிழ்த்துப் போட்டு, பூச்சு இல்லாத அடிப்பக்கத்தில் வெள்ளை எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். விட்டத்துக்கும் கைம்மரத்துக்கும் முந்திரி ஓட்டு எண்ணெய் பூசுவது நம் பழக்கம், நல்ல காப்பு. தோலில் பட்டால் வெந்து கொப்புளிக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கை படுகிற மேசை நாற்காலிக்கு அது ஆகவே ஆகாது.

கடைசியாக, இந்த ஞாயிற்றுக்கிழமையே வேலையை ஆரம்பிக்கப்போகிறவர்களுக்கு. மேசைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். பட்டறைகள் எரிந்திருக்கின்றன. துணியை விரித்துக் கொல்லைப்புறக் கொடியில் தனியாகக் காயப்போடுங்கள். மொடமொடவென்று காய்ந்த பிறகு குப்பையில் போடலாம்.

வணக்கம்.