துப்பாக்கியோடு வந்து நோட்டுப் புத்தகத்தை நிரப்பியவர்: ஜான் கிரெகரி பர்க்

(திரையில்: அமெரிக்காவின் தென்மேற்கு, 1870 வரைபடம். அரிசோனா, நியூ மெக்சிகோ பகுதிகள் நிறம் மாறுகின்றன.)

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எல்லையில் போரிட்டுவிட்டு, அந்த அனுபவத்தை எழுதிப் பெயர் வாங்கிய குதிரைப்படை அதிகாரிகள் பலர். பெரும்பாலானோர் வீர சாகசக் கதைகள் எழுதினார்கள். இன்று நாம் பார்க்கப்போகும் ஜான் கிரெகரி பர்க் அப்படிப்பட்டவர் அல்ல. தான் யாரை எதிர்த்துப் போரிட்டாரோ, அவர்களுடைய சடங்குகள், சமையல், மருந்து, பாட்டு எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்தவர். அந்த எழுத்து மதிப்புள்ளது. அதே எழுத்தில் ரத்தமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க வேண்டும்.

1846இல் ஃபிலடெல்ஃபியாவில் ஓர் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே லத்தீன், கிரேக்கம் படித்தார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862இல், பதினாறு வயதுப் பையன், பத்தொன்பது என்று பொய் சொல்லி பென்சில்வேனியா குதிரைப்படையில் சேர்ந்துவிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் டென்னசியில் ஸ்டோன்ஸ் ரிவர் போர். அங்கே காட்டிய துணிச்சலுக்காகப் பின்னாளில் அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது. போர் முடிந்ததும் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி; 1869இல் மூன்றாம் குதிரைப்படையில் இரண்டாம் லெப்டினன்ட்.

முதலில் நியூ மெக்சிகோ, அப்புறம் அரிசோனாவின் கேம்ப் கிராண்ட் என்ற ராணுவ முகாம். வந்து இறங்கிய அந்த இளைஞருக்கு, அந்தப் பகுதியின் பழங்குடிகளான அப்பாச்சி மக்கள் மனிதர்களாகவே தெரியவில்லை. கொல்லப்பட்ட ஓர் அப்பாச்சியின் தலைத்தோலையும் காதுகளையும் யாரோ பரிசாகக் கொடுக்க, அந்தத் தலைத்தோலை மேசை விளக்கின் அடியில் விரிப்பாகப் போட்டிருந்தார். பார்க்க வந்த நண்பர் ஒருவர் அதிர்ந்துபோனதைக் கண்ட பிறகுதான் தன் கொடூரம் தனக்கே உறைத்து, அதைப் புதைக்கச் சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மறைக்கவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அவர் எழுத்தை நான் நம்பிப் படிக்கிறேன்.

1871இல் ஜெனரல் ஜார்ஜ் க்ரூக் அரிசோனாவுக்குப் பொறுப்பேற்றார். பர்க் அவருக்கு உதவி அதிகாரி ஆனார். 1872 நவம்பரில், க்ரூக்கின் குளிர்காலப் படையெடுப்பு தொடங்கியபோது, நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார். சாகும்வரை நிறுத்தவில்லை. மொத்தம் 124 தொகுதிகள். இன்றும் வெஸ்ட் பாயின்ட் நூலகத்தில் இருக்கின்றன.

(திரையில்: சால்ட் ரிவர் பள்ளத்தாக்கு. செங்குத்துப் பாறை, நடுவே ஓர் ஆழமில்லாத குகை.)

எழுதத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். 1872 டிசம்பர் 28. நன்டாஹே என்ற அப்பாச்சி வழிகாட்டி, இரவோடு இரவாகப் படையை இந்தக் குகைக்குக் கூட்டி வந்தார். உள்ளே யவபாய் என்ற வேறொரு பழங்குடி மக்கள், குடும்பம் குடும்பமாக. விடியும் நேரத்தில் முதல் வேட்டு. சரணடையச் சொன்னார்கள், அவர்கள் மறுத்தார்கள். முன்னால் பெரிய பாறைகள் அரண் போல் இருந்ததால் நேராகச் சுட்டுப் பயனில்லை. அதனால் குகையின் கூரையைப் பார்த்துச் சுட உத்தரவு. தோட்டாக்கள் கல்லில் பட்டுத் தெறித்து உள்ளே இருந்தவர்கள்மேல் பாய்ந்தன. உள்ளிருந்து மரணப் பாட்டு எழுந்தது. மலை உச்சிக்கு வந்து சேர்ந்த இன்னொரு படைப்பிரிவு பாறைகளைக் கீழே உருட்டிவிட்டது. இறந்தவர்கள் ஏறக்குறைய 76 பேர். பெண்களும் குழந்தைகளுமாகச் சிலர்தான் பிழைத்தார்கள்.

சண்டை நடுவே நாலு வயது இருக்கும் ஒரு பையன் உடுப்பில்லாமல் குகையிலிருந்து ஓடி வந்து, திகைத்து நின்றுவிட்டான் என்று பர்க் எழுதுகிறார். ஒரு தோட்டா அவன் உச்சந்தலையைச் சீவிக்கொண்டு போனது. நன்டாஹே பாய்ந்துபோய் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தார். சிப்பாய்கள் சுடுவதை நிறுத்திவிட்டு ஆரவாரம் செய்தார்கள். பிறகு மறுபடியும் சுட்டார்கள்.

பர்க்கின் 'ஆன் தி பார்டர் வித் க்ரூக்' நூலில் இந்த மக்கள் அப்பாச்சிகள். உண்மையில் அவர்கள் யவபாய். அந்தக் காலத்து ராணுவம் எல்லோரையும் ஒரே பெயரில்தான் அழைத்தது. இந்தக் குகையைப் பற்றி இன்னொருவரும் எழுதியிருக்கிறார். ஹூமோத்யா என்ற யவபாய்ச் சிறுவன், சில நாட்களுக்கு முன் கேப்டன் ஜேம்ஸ் பர்ன்ஸின் படையிடம் பிடிபட்டவன். அவனுடைய அப்பா, தம்பி தங்கைகள் எல்லோரும் குகைக்குள்ளே இருந்தார்கள். மைக் பர்ன்ஸ் என்று பெயர் மாற்றப்பட்டு வளர்ந்த அவர் தன் நினைவுகளை எழுதி வைத்தார். 1934இல் இறந்தார். அவர் எழுதியது புத்தகமாக வந்தது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான். பர்க்கின் நூல் வெளியானது 1891இல்! ஒரே நிகழ்வு, வென்றவரின் குரல் நூறு ஆண்டுக்கும் மேலாகத் தனியாக ஒலித்தது.

1876இல் க்ரூக்கோடு வடக்கே போனார். ரோஸ்பட் போர், ஸ்லிம் பட்ஸ் போர். நவம்பர் 25 அன்று சேயென் மக்களின் கிராமத்தை ராணுவம் முழுவதுமாக எரித்தபோதும் அங்கே இருந்தார். கடும் பனியில் வீடில்லாமல் ஓடியவர்களில் கைக்குழந்தைகள் உறைந்து இறந்தன. 

அவருக்குள் மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1879இல் ஒமாஹாவில் போங்கா தலைவர் ஸ்டாண்டிங் பேர் தொடுத்த வழக்கில், சட்டத்தின் பார்வையில் பழங்குடியினரும் மனிதரே என்று தீர்ப்பு வந்தது. வழக்கு க்ரூக்கின் மேல்தான். ஆனால் க்ரூக்கே அந்தத் தீர்ப்பை விரும்பினார். பர்க் அதையெல்லாம் அருகிலிருந்து பார்த்தார். 1881இல் லகோட்டாக்களின் சூரிய நடனம், அரிசோனாவின் வால்பி கிராமத்தில் ஹோப்பிகளின் பாம்பு நடனம் என்று தேடிப் போய்ப் பார்த்து எழுதினார். அப்பாச்சி மருத்துவர்களைப் பற்றிய அவரது ஆய்வை அரசின் இனவியல் துறையே வெளியிட்டது.

(திரையில்: 1886 மார்ச். க்ரூக்கும் ஜெரோனிமோவும் உட்கார்ந்து பேசும் புகைப்படம்.)

புகைப்படக்காரர் சி. எஸ். ஃப்ளை எடுத்த படம் இது. ராணுவத்தை எதிர்த்துப் போரிட்ட அப்பாச்சித் தலைவர் ஜெரோனிமோ சரணடைவது பற்றிப் பேசிய இந்தக் கூட்டத்தில் பர்க்கும் இருக்கிறார். பேசியதை ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டார். பேச்சு முடிந்து சில நாட்களில் ஜெரோனிமோ மறுபடி தப்பினார்; க்ரூக் பதவி விலகினார்; செப்டம்பரில் ஜெரோனிமோ, க்ரூக்கின் இடத்துக்கு வந்த ஜெனரல் மைல்ஸிடம் சரணடைந்தார். அதன் பிறகு அரசு செய்ததுதான் பர்க்கை உலுக்கியது. சிரிகாவா அப்பாச்சிகள் அத்தனை பேரையும், ராணுவத்துக்கே வழிகாட்டிகளாக உழைத்தவர்களையும் சேர்த்து, கைதிகளாக ஃபுளோரிடாவுக்கு ரயிலில் ஏற்றினார்கள். விசுவாசமாக இருந்தவர்களுக்குச் செய்த இந்தத் துரோகத்தைவிட வெட்கக்கேடான பக்கம் வேறில்லை என்று பர்க் எழுதினார். எழுதியதோடு நிற்காமல் வாஷிங்டனில் அவர்களுக்காக வாதாடினார்.

சரி, முழுதாக மாறிவிட்டாரா? இல்லை. 1891இல் டெக்சாஸ் எல்லைக்கு அனுப்பப்பட்டார். ரியோ கிராண்டே கரையில் வாழ்ந்த மெக்சிகர்களைப் பற்றி, அந்த இடத்தை 'அமெரிக்காவின் காங்கோ' என்று இழிவாகச் சொல்லி ஒரு கட்டுரை எழுதினார். அப்பாச்சிகளை ஆண்டுக்கணக்கில் பொறுமையாகக் கவனித்த கண்ணை இங்கே காணோம். எனக்கு மிகவும் வருத்தம் தந்த பகுதி இது.

1896 ஜூன் 8, ஃபிலடெல்ஃபியாவில் ரத்தநாள வீக்கத்தால் இறந்தார். வயது 49. அமெரிக்க நாட்டுப்புறவியல் சங்கத்தின் தலைவர். ராணுவத்தில் கடைசிவரை கேப்டன்தான். அவர் வாதாடிய சிரிகாவாக்களுக்கு 1913 வரை விடுதலை கிடைக்கவில்லை.

படிக்க விரும்பினால் அவருடைய 'ஆன் தி பார்டர் வித் க்ரூக்' நூலில் தொடங்குங்கள். குகைப் பகுதி வந்ததும் அதை அங்கேயே வைத்துவிட்டு, மைக் பர்ன்ஸ் எழுதியதை எடுத்துப் படியுங்கள். பிறகு மீதியைத் தொடருங்கள்.